நானும் ஒட்டினேன் என்று சொன்னவன்

எபனேசர், எங்கள் எபி, இறந்த செய்தி, காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனிப் பேருந்தில் வந்து சேர்ந்தது. எங்கள் லைன் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவன் படத்தைப் போட்டுக் கீழே ஒரு மெழுகுவர்த்தியை வைத்திருந்தார்கள். பேருந்து ஒரகடத்தைத் தொடுவதற்குள் மெழுகுவர்த்திகள் குவிந்துவிட்டன. "நல்ல மனுஷன்", "உண்மையான விசுவாசி" என்றெல்லாம் எழுதினார்கள். அவனுக்கு வேலை போன பிறகு அவனோடு ஒரு டீ குடிக்கக்கூட நிற்காதவர்கள் இவர்கள். காமாலை முற்றி அவன் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் ஒன்றும் போடவில்லை. எனக்கு அவன்மேல் இருந்த கோபம் இன்னும் தீரவில்லை. அவனை அறிந்த உங்களிடம் அதை மறைத்து எழுதினால் இதுவும் இன்னொரு மெழுகுவர்த்திதான்.

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். அவன் பாய்க்கு அடுத்த பாய் என்னுடையது. வேலைக்குக் கிளம்புமுன் சுவரைப் பார்த்து முழங்காலில் நின்று ஜெபிப்பான். எங்கள் பெயர்களையும் வரிசையாகச் சொல்வான், சத்தமாக. "என் பேரை எடுத்துடுடா, உன் சாமி எனக்கு வேணாம்" என்று ஒருநாள் கத்தினேன். கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது: "ஒனக்கு வேண்டாம்னா விடு. எனக்கு நீ வேணும்லா." பைக்கும் ஊரில் ஒரு மனையும் தவிர வேறு எதையும் யோசிக்க நேரமில்லாத அறை அது. அங்கே அவன் ஒருவன்தான் அடுத்தவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நாங்கள் கார் பாகங்களை அழுத்தி எடுக்கும் ப்ரெஸ் மெஷினில் வேலை பார்த்தோம். இரண்டு பட்டன்களை இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஒரு பட்டனை அழுத்தியபடியே டேப் போட்டு ஒட்டிவிட்டால் ஒரு கை மிச்சமாகும், வேலை வேகமாக நடக்கும். டார்கெட் முடியாத நாட்களில் சூப்பர்வைசரே டேப்பைக் கொண்டுவந்து நீட்டுவார். கார் கம்பெனியிலிருந்து ஆடிட் வரும் நாளில் அவரே எல்லாவற்றையும் பிய்த்துப் போடச் சொல்வார். எல்லோரும் ஒட்டினோம். எபியும் ஒட்டினான்.

சேகர் வல்லக்கோட்டைக்காரன், எபிக்குப் பக்கத்து மெஷின். ஒருநாள் ஒட்டிய பட்டனோடு ஓடிக்கொண்டிருந்தபோது அவன் வலது கை உள்ளே இருந்தது. மூன்று விரல்கள் போயின. தானாகவே டேப் ஒட்டி விதியை மீறினான் என்று கம்பெனி அவன்மீது விசாரணை வைத்தது.

கேண்டீனில் கூடிப் பேசினோம். பட்டன் முதல்நாளே பழுது, சொல்லியும் யாரும் சரிசெய்யவில்லை என்று எல்லோரும் சொல்வதாக முடிவு. எபி சாதத்தைப் பிசைந்துகொண்டே, "பட்டன் நல்லாத்தானல இருந்துச்சு" என்றான்.

"அதை எவன்டா கேட்டான்? ஒரு பொய்யில அவன் வேலை நிக்கும்."

"நடந்ததைச் சொன்னாலும் நிக்கணும்லா. டேப்பைக் கையில குடுத்தது யாரு? எல்லாரும் ஒட்டுதோம்னு எல்லாருமா சேந்து சொல்லுவோம்."

"எல்லாருக்குமா சேர்த்து வேலை போகும்."

"அப்ப பயம் சேகருக்காவ இல்ல, நமக்காவத்தான்."

தட்டுகளைக் கழுவப் போய்விட்டோம்.

விசாரணையில் சொன்னதை அவன் மறைக்கவில்லை. அறைக்கு வந்து எங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னான். "சேகர் ஒட்டினான். நானும் ஒட்டினேன். ஒட்டச் சொல்லி டேப்பைக் கொடுத்தது சூப்பர்வைசர்." கம்பெனி முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டது. மூன்றாவது யார் காதிலும் விழவில்லை. சேகருக்கு வேலை போனது. எபிக்கும் போனது. பொய் சொன்ன எங்களுக்கு ஒரு எச்சரிக்கையோடு முடிந்தது.

அன்று அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "உன் பரலோகத்துக்கு அவன் விரலை வித்துட்டியேடா." அவன் கையை உதறவில்லை. "நீங்களும் சொல்லியிருந்தா தாங்கியிருக்கும். ஒத்தையா சொன்னேன், ஒடஞ்சு போச்சு" என்றான். துரோகம் செய்தவன் என்னையே குற்றவாளி ஆக்குகிறானே என்று எரிந்தது. பிறகு அறையில் அவனோடு பேசுவதை நிறுத்தினேன். என் பெயரை அவன் ஜெபத்தில் சொல்வதை நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனாகவே கேட்டான். "சபைக்கு ஒரு நாள் வால. பிரியாணி இல்ல, டீ உண்டு." போனேன். மாடியில் தகரக் கூரை போட்ட ஜெபக்கூடம். எங்கள் கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் முன்வரிசையில், மெத்தை வைத்த நாற்காலியில் இருந்தார். சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஒருவருக்குப் பதவி உயர்வு, ஒருவருக்குப் புதுக் கார், ஒரு பெண்ணுக்கு வெளிநாட்டு விசா. எல்லாம் கர்த்தர் தந்தது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். தனக்குக் கிடைத்ததைத் தவிர வேறெதையும் அங்கே யாரும் பேசவில்லை.

எபி மைக்கை வாங்கினான். "ஸ்தோத்திரம். எனக்கு வேலை போயிட்டு. உண்மையச் சொன்னேன், போயிட்டு. பக்கத்து மெஷின்காரனுக்கு விரலும் போயிட்டு, வேலையும் போயிட்டு. ஒட்டச் சொன்னவங்களுக்கு ஒண்ணும் போகல. அவங்களும் இங்கதான் இருக்காங்க. ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்காரு..."

பாஸ்டர் கையசைத்தார். கீபோர்டு பாட்டைத் தொடங்கிவிட்டது. மைக்கை யாரோ வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் அவனைத் தனியே அழைத்தார். "தம்பி, நல்லது நடந்தா சாட்சி சொல்லலாம். இதெல்லாம் சபையில பேசக்கூடாது."

"நல்லதுதான் ஐயா நடந்திருக்கு" என்றான் எபி. மறுவாரம் முதல் சபையில் பாய் விரிக்கும் வேலைகூட அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. இருந்தும் போனான். கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடினான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் மனசார நம்பியவன் அவன் ஒருவன். அவர்கள் அடைத்ததும் அவன் வாயைத்தான்.

ஜெபம் முடிந்ததும் நேராக வல்லக்கோட்டைக்குப் போவான். முதல்முறை போனபோது சேகர் வாசலிலேயே மறித்தான். "இன்னாத்துக்கு வந்த? மீதி விரலயும் எட்துகினு போவவா?" எபி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். "திட்டி முடி. அப்பறம் அம்மைய எங்கயாவது கூட்டிட்டுப் போவணும்னா சொல்லு. ஒனக்கு இனி வண்டி ஓட்டக் கஷ்டம்லா." சேகரின் அம்மா கிருத்திகைக்குக் கிருத்திகை முருகன் கோயிலுக்குப் போகிறவர். அன்றிலிருந்து எபிதான் பைக்கில் ஏற்றிப்போனான். அவர் கும்பிட்டு வரும்வரை வாசலில் அவர் செருப்புக்குக் காவல் நிற்பான். சபைக்காரர் யாரோ பார்த்துப் புறம் பேசினார்கள். அவன் சொன்னது இவ்வளவுதான்: "கும்பிடுதது அவங்க பாடு. கூட்டிட்டுப் போறது எம்பாடு."

சேகரின் வழக்கு இப்போது தொழிலாளர் நீதிமன்றத்தில் இருக்கிறது. எபி இறந்த பிறகு சேகரோடு வக்கீலைப் பார்க்கப் போனேன். பட்டன் நன்றாக இருந்தது என்று மெக்கானிக் நிரூபித்துவிட்டாராம். எங்கள் பொய் செத்துவிட்டது. "சூப்பர்வைசர் பேரைச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான். கோர்ட்டுக்கு வந்து சொல்றேன்னாரு. இப்ப யார் சொல்லுவா?" என்றார் வக்கீல்.

சேகர் என்னைப் பார்த்தான். "அந்தாளு இருந்தா சொல்லிகினு இருப்பாரு. நீ இன்னா சொல்லப்போற?"

கம்பெனி ஏமாற்றியது, சபை ஏமாற்றியது. எல்லாவற்றுக்கும் மேல், சொல்ல வேண்டியதை எங்கள் தலையில் கட்டிவிட்டு இவனும் பாதியில் போய்விட்டான். அவன் சாமி எனக்கு இப்போதும் வேண்டாம். அவன் பொறுமை எனக்கு வராது. அவனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டே வார்த்தைகள்: நானும் ஒட்டினேன். அதைச் சொன்னால் வேலை போகும் என்று வக்கீல் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். போகட்டும்.

அடுத்த வாய்தாவுக்குச் சேகரின் அம்மாவை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். மெழுகுவர்த்தி போட்டவர்கள் எல்லோரும் ஒட்டியவர்கள்தான். கோர்ட் வாசலில் நிற்பேன், வாருங்கள்.