வளையவும் நிற்கவும்

மார்ச் மாதம் லோர்னா கில்பர்ட்சன் இறந்தபோது உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் குறிப்பில் ஒரு பிழை இருந்தது. நோயினால் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாமல் போய் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தார்கள். அப்படி இல்லை, அவளாகத்தான் நிறுத்தினாள். நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரன். சீஸ் ஆலையில் பாலைச் சோதித்துக் குறித்துவைக்கும் வேலையிலேயே காலம் கழித்தவன். தவறான பதிவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

லோர்னா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். விஸ்கான்சினில் எங்கள் பக்கம் நேரான சாலையே குறைவு. பனி உறைந்த சரிவுகளில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, ஒரு கீறல்கூட விழாமல் ஓய்வு பெற்றவள். விவாகரத்துக்குப் பிறகு வாங்கிய கறுப்பு க்ரூசர் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் அவள் தனக்கென்று செய்துகொண்ட ஆடம்பரம். ஞாயிறுதோறும் கிக்கப்பூ ஆற்றை ஒட்டிய வளைவுச் சாலையில் அதைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டுவாள். சர்ச்சில் காணவில்லையே என்று பாஸ்டர் கேட்டதற்கு, "அங்க போனாத்தான் பாஸ்டர் எனக்குச் சாமி ஞாபகமே வருது. ஒவ்வொரு வளைவுலயும் கூப்பிடுறேன்" என்றாள்.

நோய் முதலில் இடது பாதத்தில்தான் தெரிந்தது. கியர் கூட்ட, லிவருக்கு அடியில் கால்விரலைக் கொடுத்துத் தூக்க முடியவில்லை. நரம்பு வியாதி, போன பலம் திரும்பாது என்றார்கள் டாக்டர்கள். மெக்கானிக் கர்ட் சொபோட்டா அவளோடு பள்ளியில் படித்தவன். குதிகாலால் மிதிக்கிற மாதிரி பின்னால் நீண்ட லிவரைப் பொருத்தினான்.

"மிதி. பஸ் கிளட்ச்ச மிதிச்ச காலுதானே?"

"பஸ்ஸு என்கிட்ட மரியாதையா இருந்துச்சு கர்ட். உன் வேலைதான் சந்தேகமா இருக்கு."

பாதம் வைக்கும் கால்பலகைகள் முன்னால் எட்டிக் கிடந்தன. அவற்றையும் இருக்கையை நோக்கித் தள்ளிவைத்தான். அவள் வண்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடி, ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தாள். "இன்னும் ஒரு விரல் பின்னால." அவன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் கழற்றினான். அந்தக் கோடை முழுவதும் நன்றாகவே போனது.

அடுத்த வசந்தத்தில் தொடைகள் தளர்ந்தன. பெட்ரோல் பங்கில் நின்றபோது வண்டியோடு சரிந்து விழுந்தாள். மதுக்கடையில் யாரோ, "மூணாவது சக்கரம் மாட்டிக்கோயேன் லோர்னா" என்றான். "மூணு சக்கரமெல்லாம் மூணு வயசுலயே ஓட்டி முடிச்சுட்டேன்" என்றாள். கர்ட் பின்பக்கம் குட்டையான ஷாக் அப்சார்பர் மாட்டி, முன்பக்கத்தையும் அதற்கேற்ப இறக்கினான். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அவள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நாங்கள் பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தோம்.

அந்த ஞாயிறு சீக்கிரமே திரும்பிவிட்டாள். இடது கால்பலகையின் ஓரம் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"சாய்ச்சேன், பலகை தார்ல உரசிருச்சு. பயந்து நிமித்திட்டேன். நேரா எதிர்ப்பக்கத்துக்குப் போயிருச்சு."

"எதிர்ல?" என்று கேட்டேன்.

"யாரும் வரல. ஞாயித்துக்கிழமை. மத்த நாள்னா அது பிள்ளைங்க பஸ் வர்ற ரோடு, பெரியவரே."

கர்ட் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "தாழ இருந்தா நிக்கலாம், வளைய முடியாது. உயரமா இருந்தா வளையலாம், உன்னால நிக்க முடியாது. ரெண்டும் வேணும்னா நான் எங்க போவேன்? பேசாம நெடுஞ்சாலையில போ."

"நேராப் போறதுக்கு என்கிட்ட கார் இருக்கு. பழையபடி உயர்த்து."

"விழுவே."

"நின்னாத்தானே விழுவேன்?"

கையிலிருந்த துணியை வீசிவிட்டுக் கர்ட் வெளியே போனான். திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. "ஒரே ஒரு தடவை" என்றான்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். அதுக்கப்புறம் வித்துரு, அது பிள்ளைங்க ரோடு."

அக்டோபரில் சாலை காய்ந்திருந்த ஒரு ஞாயிறு. அதற்கு முன் கர்ட் வண்டியைப் பழையபடி உயர்த்தி, அவளைப் பலமுறை பிரேக்கும் கியரும் மிதிக்கவைத்துத் திருப்திப்பட்டிருந்தான். அவள் வீட்டு வாசலில் கர்ட்டும் நானும் இருபக்கம் பிடித்துக்கொள்ள, குதிகாலை மிதித்துக் கிளம்பினாள். அந்தச் சாலையில் ஸ்டாப் பலகை இருக்கும் பாலத்தடியில் மட்டும்தான் நின்றாக வேண்டும். நாங்கள் மேட்டுச் சாலையில் குறுக்கு வழியாகப் பிக்கப் டிரக்கை விரட்டி அங்கே முந்திப்போய் நின்றோம்.

அவள் தெரிவதற்கு முன்பே சத்தம் வந்தது. கியர் இறங்கும், சத்தம் தணியும், மறுபடி ஏறும். ஒவ்வொரு வளைவிலும் உலோகம் உரசுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உரசவில்லை. கர்ட் வாய்க்குள்ளேயே வளைவுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசித் திருப்பத்தில் ஆழமாகச் சாய்ந்து வந்தாள். வேகத்தைக் குறைத்து நடை வேகத்துக்குக் கொண்டுவந்தாள். இருவரும் பக்கத்திலேயே ஓடி, ஆளுக்கொரு கைப்பிடியாகப் பற்றினோம்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு."

இன்ஜினை அணைத்தாள். பாதங்கள் பலகையிலேயே இருந்தன. வண்டி கனத்தது, தோளைக் கொடுத்துத் தாங்கினேன். பின்னால் ஒரு கார் வந்து நின்றது, ஹார்ன் அடிக்கவில்லை. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கவில்லை. நாங்களும் இறங்கச் சொல்லவில்லை.