குட்டிப் பாணும் கள்ளு முட்டியும்

சாப்பாட்டுக் கடையில் பாண் கொண்டுவந்து வைக்கிறவனை ஒருவரும் நம்புவதில்லை. சூப் கொண்டுவருகிறவனை நம்புவார்கள், இறைச்சி கொண்டுவருகிறவனையும் போனால் போகுதென்று நம்புவார்கள். பாண் கூடையோடு போகிறவனை மட்டும் வேலி பாய வந்த மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். தட்டம் தூக்கிப் பிழைக்கிற என் சகோதரர்களே, உங்களுக்கு இது புதினமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் கடை திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருக்கிறது. உலகச் சண்டை தொடங்கிய பிறகு இந்தத் தெருவில் வெள்ளைக்கார நேவிக்காரர் காகத்தைவிட அதிகம். அவர்கள் ஒரு கடைக்குள் வந்து சாப்பிடுவதென்றால் வாசலில் ஒரு அனுமதிப் பலகை தொங்கவேண்டும். எங்கள் வாசலில் தொங்குகிறது. அதைத் தொங்கவைத்திருப்பது எங்கள் குட்டிப் பாண். பன் மாதிரி, கைக்குள் அடங்குகிற அளவு. மேலே பட்டர் பூசி, கருஞ்சீரகம் தூவி, போறணை அடுப்பால் எடுத்த சூட்டோடு கூடையில் போட்டுத் துவாயால் மூடி, வந்தவர்கள் ஏதும் கேட்குமுன்பே மேசையில் வைத்துவிடுவோம். அதைச் சுடுகிறவர் சவிரிமுத்து அண்ணை. கொண்டுபோகிறவன் நான். மேசையில் யார் என்ன கதைத்தாலும் அதே குரலில் அடுப்படிக் குசினிக்குள் வந்து கதைத்துக் காட்டுகிறவனும் நான்தான். அதனால் எனக்குக் கிளி என்று பெயர்.

கேட்காமல் வந்தது

தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவர் அரசாங்கக் கச்சேரியில் ஒரு அலுவலாக வந்தவர், மகனையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து இருந்தார். நான் வழக்கம்போலக் கூடையை வைத்தேன். துவாயைத் தூக்கிப் பார்த்தார். திரும்ப மூடினார். கை நீட்டிய மகனுடைய கையில் ஒரு தட்டுத் தட்டினார். தான் இதைக் கேட்கவில்லையே என்றார். கேட்காமலே தருவது, சும்மாதான் என்றேன். அந்தச் 'சும்மா'வில்தான் எல்லாம் பிழைத்தது. அரிசியே கூப்பனுக்கு வருகிற காலத்தில் ஒருவன் சும்மா ஒன்றைத் தருகிறானென்றால் அவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்கவேண்டும்? அவருடைய முகம் வயலுக்குள் யானையைக் கண்ட முகமாகிவிட்டது.

முதலில் என்னைத் தின்னச் சொன்னார். சந்தோஷமாகத் தின்றேன். நான் எப்போது விழுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். விழவில்லை. இன்னொன்றையும் தின்னச் சொன்னார். அதுவும் போனது. பிறகு மாட்டைக் கூப்பிடுகிற அதே குரலில் மகனுக்குச் சொன்னார்: "மோனை, அடியில கிடக்கிறதை எடு. மேல கிடக்கிற நல்லதெல்லாம் இவன் தனக்கெண்டு வைச்சிருக்கிறான்."

தட்டிப் பார்க்கிறவர்கள்

நேவிக்காரர் பாணைக் கையில் எடுத்தால் முதலில் மேசையில் தட்டுவார்கள். டக், டக், டக். கப்பலில் பழகின பழக்கமாம். அங்கே விசுக்கோத்துக்குள் வண்டு குடியிருக்குமாம். தட்டினால் வெளியே ஓடுமாம். புதுப் பாணில் ஏது வண்டு? ஆனாலும் எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் தட்டத் தொடங்கினால், தெருவில் போகிறவர்கள் உள்ளே தச்சு வேலை நடக்கிறதென்றுதான் நினைப்பார்கள்.

செம்பட்டைத் தலைக்காரன் ஒருவன், மேலே தூவின கருஞ்சீரகத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, கால் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கால் இல்லை. பாணைத் தட்டினான். ஒன்றும் ஓடவில்லை. சந்தேகம் இன்னும் கூடிப்போய் என்னைக் கூப்பிட்டான். என் பள்ளிக்கூடத்து இங்கிலீசுக்குப் பிடிபட்ட அளவில் அவன் சொன்னது இதுதான்: "வண்டு ஓடாவிட்டால் இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, வண்டு இல்லை. மற்றது, வண்டு இதைத் தின்று செத்துப்போச்சு."

நானாவின் ரொட்டி

இனி எங்கள் குசினி இரகசியத்தைச் சொல்லவேண்டும். முன்பு கொழும்பிலிருந்து தகரத்தில் ஈஸ்ட் வரும். சண்டை வந்த பிறகு அது வருவதில்லை. மா பொங்கவேண்டுமென்றால் தென்னங்கள்ளு விட்டுத்தான் குழைக்கவேண்டும். விடிய ஒரு முட்டி, மண்பானை நிறைய, பின்கதவால் வரும். ஆனால் தவறணை என்கிற கள்ளுக்கடைக்கு வெளியே கள்ளு முட்டி வைத்திருந்தால் மதுவரிக்காரர் விடமாட்டார்கள். பிடிபட்டால் சவிரிமுத்து அண்ணைக்கு மறியல், கம்பி எண்ணவேண்டியதுதான். எங்கள் வாசல் பலகையும் கழன்றுவிடும். அண்ணையின் மனுசிக்கு அது பிள்ளை பிறக்கிற மாதம். முட்டி வந்தால் ஒரு பயம், வராவிட்டால் இன்னொரு பயம் என்று அந்த மனுசன் மெலிந்துகொண்டு போனார்.

முட்டி விஷயம் தெரிந்த ஒரே வெளியாள், கிண்ணியாவிலிருந்து போறணைக்கு விறகு கொண்டுவருகிற நானா. முஸ்லிம், கள்ளு ஆகாது. கள்ளு வந்த முதல் நாளே அண்ணை அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நானாவுக்குக் குட்டிப் பாண் இல்லை. வேறு கல்லில் சுட்ட தேங்காய் ரொட்டி. கல்லைப் பார்ப்பார், மாவைப் பார்ப்பார், தண்ணீர் அள்ளின செம்பை மணந்து பார்ப்பார். எல்லாம் சரியென்று இருந்த பிறகும் அண்ணையை ஒரு பார்வை பார்த்துச் சொல்லுவார்: "சவிரி, ரொட்டியில எனக்குச் சந்தேகம் இல்ல. ஒன்ட கையிலதான். இன்னொருக்காக் கழுவிட்டு வா."

ஒத்திகை

எங்கள் பகுதி மதுவரி ஐயா தெருவில் போகும்போது முகத்தை நேரே வைத்துக்கொண்டு மூக்கை மட்டும் எங்கள் பக்கம் திருப்புவார். வாய் திறக்குமுன் இரண்டு தரம் செருமுவார். பிறகு வெறுங் குடத்துக்குள்ளிருந்து வருகிறமாதிரி ஒரு குரல். இப்படி ஒரு குரலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் ஏலாது. ஒரு நாள் பின்கதவுக்கு வெளியே நின்று இரண்டு தரம் செருமி, "கதவைத் திற, சோதனை" என்றேன். உள்ளே அண்ணை முட்டியை மாப்பெட்டிக்குள் இறக்கி, மூடியைப் போட்டு, அதன்மேல் ஏறி இருந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். கடை முதலாளி முன்வாசலால் செருப்பில்லாமல் போய்விட்டார்.

அடுத்த முறை முட்டி விறகுக்குப் பின்னால் போனது. அதற்கடுத்த முறை சாக்குக்கு அடியில். அவசரத்துக்குப் பழக்கம் வரட்டும் என்றுதான் செய்கிறேன் என்றேன். முதலாளி நம்பவில்லை. அவர் என்னையும் நம்புவதில்லை, என் நிழலையும் நம்புவதில்லை. அண்ணைக்கோ அலுத்துவிட்டது. மாவைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கிளி, இனி உண்மையான ஐயா வந்து நிண்டாலும் நான் இருந்த இடத்தால எழும்பமாட்டன், சொல்லிப்போட்டன்."

பின்கதவில் ஒரு குரல்

ஒரு நாள் மத்தியானம். அன்று பின்னேரம் கப்பல் அதிகாரிகள் ஒரு கூட்டமாகச் சாப்பிட வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் முன்னறையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். பின்கதவுப் பக்கம் யாரோ இரண்டு தரம் செருமுவது கேட்டது. "கதவைத் திற, சோதனை." எனக்கு ரோசம் வந்தது. நான் இங்கே நிற்க, என் குரலை எடுத்து யார் அங்கே கதைக்கிறது? சும்மா சொல்லக்கூடாது, நான் செய்கிறதைவிட அது கொஞ்சம் மோசமாகத்தான் இருந்தது. பிறகுதான் என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

குசினிக்கு ஓடினேன். அதற்குள் அண்ணை திரும்பியும் பாராமல் மறுமொழி சொல்லத் தொடங்கியிருந்தார். "வாடா, வா. கதவு திறந்துதான் கிடக்கு. முட்டியில கொஞ்சம் மிச்சம் இருக்கு, ஒரு சிரட்டை குடிச்சுப்போட்டு அந்தக் குரங்குக் குரலை நிப்பாட்டு." கதவு மெல்லத் திறந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மதுவரி ஐயா உள்ளே வந்தார். செருமாமலே சொன்னார்: "குரங்கு வந்திட்டுது. சிரட்டை எங்க?"

மாவுக்குக் காவல்

ஐயாவுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. முன்னால் சாப்பாட்டுக் கடை, பின்னால் நேவிக்காரருக்குக் களவுத் தவறணை. முதலாளி வந்தார், முட்டியைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார், பிறகு அது வினாகிரி என்றார். அண்ணை மட்டும் பாணுக்குத்தான் ஐயா, பாணுக்குத்தான் என்று ஒரே சொல்லில் நின்றார். பாண் கள்ளுக் குடித்ததைத் தான் கண்டதில்லை என்றார் ஐயா. அண்ணை மாப்பெட்டியை இழுத்துத் திறந்தார். அப்படியென்றால் குழைத்துக் காட்டுகிறேன், பொங்காவிட்டால் கொண்டுபோங்கள் என்றார்.

ஐயா சம்மதித்தார். ஆனால் அண்ணையின் கையை நம்பவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தானே குழைத்தார். ஒரு சட்டியில் தண்ணீர் மட்டும், மற்றதில் கள்ளு. இரண்டையும் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்த லேஞ்சியாலும் முதலாளியின் சால்வையாலும் மூடி, முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். நான் வாயால் ஊதிப் பொங்கவைத்துவிடுவேன் என்று என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவிட்டார். அவர் குரலில் ஒரு சொல் சொல்ல என் வாய் எவ்வளவு அரித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிற்க நிற்க, பின்னால் கதிரை கிரீச்சிட்டது. திருட்டுத்தனமாகத் திரும்பிப் பார்த்தேன். கள்ளுச் சட்டியின் லேஞ்சி மேலே எழும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சட்டி செத்த வீடுபோலக் கிடந்தது. ஐயா லேஞ்சியைத் தூக்கி, விரலை விட்டுக் குத்திப் பார்த்தார். உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதா என்று இரண்டாகப் பிய்த்தும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அண்ணை அதை உருட்டிப் போறணைக்குள் விட்டார். அதிகாரிகள் வந்து முன்னறையில் இருந்து, டக், டக் என்று வெறும் மேசையைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். கூடை முன்னால் போகுமுன் ஐயா அதிலிருந்து சில பாணை எடுத்து, அசைபோட்டு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அண்ணை அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஐயா வாயைத் துடைத்தார். "பொங்கினது சரி. பாணுக்கு ஒரு சிரட்டைக் கள்ளும் போகேல்லை. மிச்சம் ஒரு முட்டி ஒவ்வொரு நாளும் எங்க போகுது?"

ஊற்றுவதற்கு முதல்

அந்தக் கேள்விக்கு முதலாளி கூரையைப் பார்த்தார். அண்ணை போறணையைப் பார்த்தார். நான் திரும்பவும் சுவரைப் பார்த்தேன், இந்த முறை ஒருவரும் சொல்லாமலே. ஐயா எங்கள் மூன்று பேரின் கண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். முட்டி வரலாம். பலகை தொங்கலாம். அண்ணை தன் மனுசியிடம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் மாவுக்கு எடுத்தது போக மிச்சத்தை ஒவ்வொரு நாளும் தன் கண்ணுக்கு முன்னால் கழிவுத் தண்ணீர்க் கானுக்குள் ஊற்றவேண்டும். அண்ணை அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதார்.

அடுத்த நாள் காலை சொன்னபடி ஐயா வந்தார். அண்ணை முட்டியைத் தூக்கிக் கானுக்கு நேரே சரித்தார். ஐயா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். முட்டிக்குள் எட்டிப் பார்த்தார், எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பழைய சந்தேகம் முகத்தில் அப்படியே இருந்தது. இரண்டு தரம் செருமினார். "நீங்கள் ஊத்துறது கள்ளோ கழுவின தண்ணியோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அந்தச் சிரட்டையை எடு தம்பி."

சண்டை இன்னும் முடியவில்லை, சவிரிமுத்து அண்ணைக்கு ஆண்பிள்ளை பிறந்துவிட்டது, எங்கள் குட்டிப் பாணை நம்புகிற ஒரு மனிதனையும் நான் இன்னும் காணவில்லை, ஒன்றை மிச்சம் வைத்துவிட்டுப் போன மனிதனையும்தான்.