டோக்கன் பக்கம் திறந்த நாள்

துறைமுகச் சாலையில் வரிசையில் நிற்கும் லாரிக்காரனுக்கு வெயில் பழகிவிடும். பழகாதது போனில் சுற்றும் வட்டம்தான். கண்டெய்னரை இறக்கும் யார்டு, உள்ளே போவதற்கான டோக்கனைத் தன் இணையதளத்தில் மட்டுமே கொடுத்தது. ஒரே டவருக்குக் கீழே அத்தனை போன்களும் அதே பக்கத்தைத் திறந்துகொண்டிருக்கும். வெள்ளைத் திரைதான் வரும். நேரத்துக்குள் டோக்கன் எடுக்காவிட்டால் கப்பல் போய்விடும். எனக்கு இரண்டு லோடு அப்படிப் போயிற்று. முதலாளி சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவை விட்டேன்னா சாவியைக் குடுத்திரு" என்றார்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். உப்பளம், கயத்தாற்றில் ஓட்டல், விளாத்திகுளம் பக்கம் மருந்துக்குப் போகும் நிலாவரை இலையை அழுத்திப் பொதியாகப் பேல் கட்டும் குடோன் என்று எதிலும் நிலைத்ததில்லை. லாரி ஓடிக்கொண்டே இருந்ததால் அதைவிட்டு ஓடத் தோன்றவில்லை.

மூன்றாவது முறையும் திரை வெள்ளையாகவே நின்றது. கேட்டில் டிரைவர்கள் சண்டை போட்டதால், யார்டில் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் வரிசைக்கே நடந்து வந்தார். என் லாரியின் படியில் ஏறி நின்று போனை வாங்கிப் பார்த்தார்.

"ஆபீஸ்ல உடனே திறக்குதே. இங்கன எப்பவும் இப்படித்தானா அண்ணாச்சி?"

"மழை பேஞ்சா இதவிட மோசம் மேடம்."

பின்னால் நின்ற லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "இந்த வட்டம் சுத்துத சுத்துக்கு நம்ம டயரு சுத்தியிருந்தா கொச்சிக்கே போயிருக்கலாம்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பக்கம் பாதி வரும்வரை வெயிலில் அப்படியே நின்றார். பிறகு சொன்னார்: "எழுத்தையெல்லாம் சர்வர் விரிச்சுப் போட்டபடியே அனுப்புது. சுருக்கி அனுப்பினா உங்க போனே பிரிச்சுக்கிடும். அந்த செட்டிங்கை யாருமே போடலை."

"நாங்க இலையைப் பேல் கட்டுத மாதிரியா? பிரிச்சா அடியில தூள் உதிருமே."

"இதுல ஒரு எழுத்து உதிராது."

"மேல ஒரு கப்பல் போட்டோ நிக்குதே, அதையும் சுருக்குவீங்களா?"

"அது ஏற்கெனவே பேல் கட்டினது அண்ணாச்சி, இனி இறுகாது. எடுத்திர வேண்டியதுதான். மேனேஜர் ஆசையா வச்சது."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தார். நான் டீ வாங்கிக் குடித்தேன். இரண்டாவது டீயில் பாதி இருக்கும்போது பக்கம் திறந்தது. கப்பல் படம் இல்லை. டோக்கன் எண் வந்தது. பின் லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அவருக்கும் வந்திருக்க வேண்டும். கேட் மூடுவதற்குள் உள்ளே போனேன்.

இப்போது விளாத்திகுளத்தில் லோடு ஏறும்போதே டோக்கன் எடுத்துவிடுகிறேன். முன்பு மத்தியானத்திலேயே தீர்ந்துபோகும் அன்றைய நெட், ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால் போடும்வரை இருக்கிறது. அந்த மேடம் அதற்குப் பிறகு வரிசைப் பக்கம் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. நன்றி சொல்ல ஒருமுறை ஆபீசுக்குப் போனேன். செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். லாரிச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்பதையாவது சொல்லியிருக்கலாம்.