தவமணியின் பெட்டிக்குப் போட்ட பூசை

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என் தங்கை தவமணி. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இருவரும் கிள்ளானிலிருந்து ஒரே பஸ்ஸில் ஷா ஆலமுக்கு வேலைக்குப் போவோம். மேசை நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்கும் தொழிற்சாலை அது. நான் பேக்கிங், அவள் லேப்.

1994இல், வார்னிஷில் கலக்கும் தின்னர் வாடையால் தலைவலி வருகிறது என்று பக்கத்துத் தாமான் குடியிருப்பு மக்கள் புகார் கொடுத்தார்கள். பாக்டீரியாவை வளர்த்து அந்த வாடையைத் தின்ன வைக்கலாம் என்றாள் தவமணி. மேனேஜர் லிம் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"கிருமி வளர்க்கவா உன்னைப் படிக்க வச்சோம்?" என்றார் அம்மா.

ஆனாலும் கட்டினாள். லோரி அளவு இரும்புப் பெட்டி. உள்ளே மக்கிய உரமும் எண்ணெய்ப்பனை நாரும். வார்னிஷ் அறைக் காற்றை விசிறி அடியிலிருந்து உள்ளே தள்ளும். ஈர நாரில் வாழும் பாக்டீரியா தின்னர் ஆவியைத் தின்றுவிடும். மேலே வந்த காற்றில் ஈரமண் வாசம் மட்டுமே இருந்தது. நான் இரண்டு தடவை முகர்ந்து பார்த்தேன்.

அரசாங்க அதிகாரி வாடையை அளந்து பார்க்கத் தேதி குறித்தார். தேறாவிட்டால் பெட்டியோடு தவமணியும் வெளியே போக வேண்டியதுதான் என்றார் லிம்.

அதற்கு மூன்று வாரம் இருக்கையில் ஆயுத பூசை வந்தது. காலையில் நாங்கள் போனபோது இயந்திரங்களையெல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். பெட்டிக்கும் பெரிய மாலை. தவமணிக்குச் சிரிப்பு. கிட்டே போனதும் அவள் முகம் வெளுத்தது. கிருமி கொல்லும் பிளீச் நெடி.

"நாகையா அண்ணே, உள்ளே என்ன ஊத்துனீங்க?"

ஃபோர்மேன் நாகையா பெருமையாக நிமிர்ந்தார். "பிளீச்தாம்மா. ஒரு டின் முழுக்க. உள்ளே ஒரே பாசி, அழுக்கு. சாமி கும்புடுற நாளு, அப்படியே விட முடியுமா லா?"

"எல்லாம் செத்துப்போச்சு அண்ணே."

"எது? உள்ளே பூனை ஏதும் கெடந்துச்சா?"

விசிறியைப் போட்டுப் பார்த்தாள். மேலே அப்பட்டமான தின்னர் வாடை. விஷயம் புரிந்ததும் நாகையா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தவமணி அழவில்லை. நேரே தொழிற்சாலைக்குப் பின்னால் போனாள். தின்னர் டின் கழுவிய தண்ணீர் பல வருடமாக ஓடிய லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், அங்கே இருக்கிறது. தரையில் மண்டியிட்டு, அந்தக் கறுத்த சேற்றில் முழங்கை வரை கையை விட்டாள்.

நான் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். "ஏய், பைத்தியமா? அது விஷம்டி!"

"இந்த விஷத்துலயே இத்தனை வருஷம் உயிரோட கெடக்குதே ஒரு கிருமி, அதுதான்கா எனக்கு வேணும். வாளி கொண்டா."

நான் போகுமுன் நாகையா வாளியோடு ஓடி வந்தார். பிளீச் பட்ட நாரையெல்லாம் அள்ளிக் கொட்டினோம். புது நாரும் உரமும் நிரப்பி, அந்தச் சேற்றைக் கரைத்து ஊற்றினாள். முதல் வாரம் வாடை குறையவே இல்லை. லிம் எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

குறித்த நாளில் அதிகாரி வந்தார். கருவி காட்டிய சின்ன எண்ணைப் பார்த்தார், தட்டினார், மறுபடி அளந்தார். "பெட்டிக்குள்ளே என்ன போட்டீங்க?" என்று மலாயில் கேட்டார்.

"லோங்காங் சேறு," என்றாள் தவமணி.

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். லிம் அவர் கையிலிருந்த கருவியை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு பெட்டி கட்ட எவ்வளவு இடம் வேண்டும் என்று என் தங்கையிடம் கேட்டார்.