விட்டுவிட்ட கொடுவா

தேவனாம்பட்டினம் முகத்துவாரத்தில் மீனைச் செதில் எடுத்து ஆய்ந்து கொடுப்பது என் வேலை. என்னைப்போல் ஆய இந்தக் கரையில் ஆள் கிடையாது. அங்கேதான் அவரைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, நரைத்த மீசை, கையில் ரீல் வைத்த தூண்டில். இரைகூட ரப்பர் மீன்தான். தனியாக வருவார். கொடுவா மாட்டினால் முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். கடல் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை.

ஒருநாள் என் கை நீளத்துக்கு ஒரு கொடுவா மாட்டியது. அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு நானே எழுந்து போனேன். போவதற்குள் அதையும் விட்டுவிட்டார்.

"ஏம்பா, உனக்கு புத்தி கித்தி இருக்கா? நான் ஆஞ்சு குடுத்திருப்பேன்ல? ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனா பொண்டாட்டி கொழம்பு வைக்க மாட்டாங்களா?"

"அவ போயி சேந்துட்டாம்மா. போன மாசியில."

"அப்ப இங்க என்னாத்துக்கு வர்ற?"

அவர் தூண்டிலை மறுபடி வீசினார். "மீனு கையில இருந்தா ஊட்டுக்குப் போவணும்மா. இல்லன்னா இன்னும் செத்த நேரம் இங்கியே நிக்கலாம்."

எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. என் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோன பிறகு நான் வீட்டுக்குப் போகவில்லையா? உலை வைக்கவில்லையா? அரிவாள்மனையோடு என் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஆய மீன் இல்லாமல் போய் வெகுநேரம் ஆகியும், அன்றைக்கு நானும் எழுந்து போகவில்லை.