முல்லைத்தீவுக் கோடு

கோடு என்றால் எனக்கு அப்போது, ஒற்றைக்காலில் கெந்தி விளையாடுவதற்கு மண்ணில் கீறுகிற கோடு ஒன்றுதான் தெரியும். அதனால் மாமா ஒருநாள் சோறு தின்றுகொண்டே அம்மாவிடம், "யாழ்ப்பாணக் கோட்டிலை கிடக்கிற வழக்கை முல்லைத்தீவுக் கோட்டுக்கு மாத்துவம்" என்று சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. ஒரு கோட்டை அங்கேயிருந்து தூக்கி வந்து இங்கே எப்படிப் போடுவார்கள்? வழக்குப் பேசுகிற இடத்தைத்தான் பெரியவர்கள் கோடு என்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாய் திறந்து கேட்கிற பிள்ளை நானில்லை.

முல்லைத்தீவுப் பக்கம், உடையார்கட்டுக் குளத்துக்குக் கீழே மாமாவுக்குக் காணி கிடைத்தபோது அம்மாவும் நானும் அவரோடு வந்துவிட்டோம். அப்பா யாழ்ப்பாணத்தில், ஊரிலேயே வேறொரு வீட்டில் இருந்தார். என்னை வளர்க்கிற செலவுக்கு மாதாமாதம் அவர் காசு கட்ட வேண்டும் என்று அங்கே தீர்ப்பாகியிருந்தது. அவர் கட்டுவார், அம்மா போய் வாங்குவா. நான் அந்தக் கட்டிடத்து வாசல் வேப்பமரத்தடியில் நிற்பேன். அப்பா போகிற போக்கில் என் கன்னத்தில் தட்டி, ஒரு கச்சான் அல்வாவைக் கையில் வைத்துவிட்டுப் போவார். எனக்கு அது அப்பா வருகிற இடம். வேறொன்றும் தெரியாது.

காட்டுக்குள்ளால் நடந்து, பஸ் மாறி மாறி, அவ்வளவு தூரம் போய்வர அம்மாவுக்கு ஏலாமல் போய்விட்டது. போகாத மாதங்களில் காசும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு எனக்கு ஒரே ஒரு சட்டை. காசை முல்லைத்தீவில் கட்ட வேண்டும், பிள்ளை வளர்ந்துவிட்டாள், கூட்டியும் தர வேண்டும் என்று அம்மா கேட்டா. குறைக்க வேண்டும் என்று அப்பா கேட்டார்.

மாமா சொன்னபடி வழக்கு முல்லைத்தீவுக்கு மாறியது. வழக்கு நாளன்று முதல்முறையாக என்னை உள்ளே கூட்டிப்போனார்கள்.

"அங்கை வயல் கிடக்கு ஐயா. நெல்லு விளையிற இடத்திலை சோத்துக்கு என்ன பஞ்சம்?" என்றார் அப்பா.

பின்னால் வாங்கில் குந்தியிருந்த மாமா, "ஓம், விதைக்கிறது நாங்கள், அறுவடை யானையள்" என்று முணுமுணுத்தார். வாசலில் நின்ற சேவகர் அவரை முறைத்துவிட்டுத் தானும் சிரித்தார்.

நீதவான் என்னைக் கிட்ட வரச் சொன்னார். நான் போனேன். நடுவழியில் சீமெந்து நிலத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. இந்தா, இதுதான் முல்லைத்தீவுக் கோடு! மிதித்தால் ஆட்டம் போச்சு. அம்மா தோற்றுவிடுவா. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கெந்தி அந்தப்பக்கம் பாய்ந்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நீதவானும் சிரித்தார். பிறகு என் சட்டையைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்றவர் அதைத் தமிழில் கேட்டார்: "பிள்ளையின்ரை சட்டையிலை அதென்ன கோடு கோடாய்க் கிடக்குது?"

நான் நிலத்தைப் பார்த்தேன். சட்டையிலுமா கோடு?

அம்மாதான் சொன்னா. "மடிப்பு அவிட்ட தடம் ஐயா. தேப்பன் கடைசியா எடுத்துத் தந்த சட்டை. இவள் வளர வளர ஒவ்வொரு மடிப்பா அவிட்டு விட்டனான். இனி அவிழ்க்க மடிப்பில்லை."

அப்பா அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். நீதவான் ஒன்றும் சொல்லுமுன்னமே, "கூட்டிக் கட்டுறன் ஐயா" என்றார். இனிமேல் முல்லைத்தீவில்தான் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பானது.

வெளியே வந்ததும் அப்பா என் கன்னத்தைத் தட்டினார். கை சட்டைப்பைக்குப் போய் வெறுமனே திரும்பியது. "அடுத்தமுறை கொண்டுவாறன், பிள்ளை."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கோடு எங்கள் பக்கம் வந்துவிட்டது, இனி அப்பாவும் இந்தப்பக்கம்தானே வர வேணும்! ஆனால் பஸ்ஸில் அம்மா ஏன் என்னை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தா என்று விளங்கவில்லை. "நாங்கள் வெண்டிட்டமெல்லே அம்மா?" என்றேன். "ஓம்" என்றா.

அடுத்த மாதம் அம்மா காசு வாங்க உள்ளே போக, நான் வாசலில் நின்றேன். அம்மா காசோடு வந்தா.

"அப்பா எங்கை?"

"காசு வந்திட்டுது. வா."

வேறு வாசலால் போயிருப்பார் என்று நினைத்தேன். அதற்கடுத்த மாதம் கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தேன். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். காசு தபாலிலும் வரும், அதோடு ஆள் வரத் தேவையில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.