வினோஜன் இழுத்துக் காட்டிய நூல்

செட்டிபாளையம் வினோஜனுக்கு எதையும் பிறருக்குக் காட்டாமல் இருக்கத் தெரியாது. புதுப் போன் வாங்கினாலும் சரி, பல்லுப் பிடுங்கினாலும் சரி, பார்க்க நாலு பேர் வேண்டும். அவருக்குக் கிடைத்ததோ ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கதவை மூடிக்கொண்டு செய்யும் வேலை.

காத்தான்குடிப் பழக்கடைக்காரர் ஹமீட்டின் ஈரலில் சீழ் கட்டியிருந்தது. சீனி வருத்தக்காரர், காய்ச்சல் விடவில்லை. ஊசியால் எடுத்த சீழிலிருந்து தட்டில் வளர்ந்த கிருமி பளபளவென்று கொழுத்திருந்தது. வினோஜன் கம்பி வளையத்தால் ஒரு திட்டைத் தொட்டு உயர்த்தினார். பலாப்பால் போல நூல் எழுந்தது. நெல்மணி நீளம் இழுபட்டாலே மூர்க்கமான இனமாக இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். இது விரல் நீளம். கண்ணுக்கும் மூளைக்கும் பரவக்கூடிய சாதி.

"முதல்ல எந்த மருந்துக்குச் சாகுதெண்டு பாக்க வைங்க அண்ணன். மறுகா காட்டலாம்," என்றாள் உடன் வேலை செய்யும் யசோதினி.

"ஒருக்கா மட்டும் புள்ள."

அந்த ஒருக்காவுக்குப் பிரசவ வார்ட்டிலிருந்தும் ஆள் வந்தது. களஞ்சியக்காரர் நூலை அளக்க அடிமட்டத்தோடு வந்தார். "எங்கட வார்ட்டுக் கிருமி," என்று ஹமீட்டின் வார்ட் டொக்டர் ஒருவர், மாப்பிள்ளை வீட்டாரைப்போல் நின்றார். கடைசியாகப் பெரிய டொக்டர் வந்து, தானே இழுக்கவேண்டும் என்றார். நூல் அறுந்தது. வீடியோவில் நூல் விழவில்லை. பெரிய டொக்டர் மறுபடி இழுத்தார்.

கூட்டம் கலைந்தபோது தட்டில் நல்ல திட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. கிடந்த வழுவழுப்பில் யார் யாருடைய தும்மல் கலந்திருந்ததோ. மருந்துச் சோதனைக்குக் கலப்பில்லாத கிருமி வேண்டும். மீதிச் சீழ் காலையிலேயே விதிப்படி அழிக்கப்பட்டிருந்தது. அன்று விதிப்படி நடந்தது அது ஒன்றுதான்.

மறுபடி ஊசி குத்தவேண்டும். அதைச் சொல்ல வினோஜனையே அனுப்பினார்கள். அதைப் பார்க்க ஒருவரும் கூட வரவில்லை.

"அப்ப அண்டைக்கு எடுத்தது எங்க தம்பி?" என்றார் ஹமீட்.

"எல்லாருக்கும் காட்டினம் நானா. முடிஞ்சு போச்சு."

ஹமீட் நர்ஸ் பக்கம் திரும்பினார். "இந்த முற கொஞ்சம் கூட எடுங்க மகள். பாக்காத ஆக்களும் இருப்பாங்க."

இரண்டு நாள் பிந்தி மருந்து மாறியது, காய்ச்சல் இறங்கியது. ஹமீட்டின் கண்ணில் ஒரு மங்கல் நின்றுவிட்டது. பழம் பழுத்துவிட்டதா என்பதை இப்போது முகர்ந்து பார்த்துத்தான் சொல்கிறார். வினோஜன் பழம் வாங்குவது இப்போது ஹமீட்டின் கடையில்தான். விலை பேசுவதில்லை.